இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ரசிகர்

ரெஃப்ரி வேலைக்கு வருகிறவன் காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். இது எனக்கு முதல் வருடமே தெரிந்துபோனது. என் பிறப்பையும் வளர்ப்பையும் கண்பார்வையையும் பற்றி அந்தக் கடற்கரையில் கேட்ட விளக்கங்களை நான் பொருட்படுத்தியதே இல்லை. நான் பயந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் திட்டவே மாட்டார். கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, வாயை இறுக மூடி, இடுப்பளவுக் கடல் தண்ணீரில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய தங்கை மகன் இன்னொரு முறை என்னிடம் சண்டைக்கு வருவான்.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு கத்தோலிக்கப் பங்கின் மைதானம் அது. மேற்கே கோயில், கிழக்கே கடல். கிழக்கு எல்லைக்கோட்டைத் தாண்டினால் பத்தடி மணல், அதற்கப்புறம் தண்ணீர், தண்ணீரில் நங்கூரம் போட்ட வள்ளங்கள். வருடா வருடம் திருவிழாவுக்கு முந்தைய வாரம் அங்கே கால்பந்துப் போட்டி நடக்கும். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்த என்னை மில்லர்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரச்சொல்லி விசிலைக் கையில் கொடுத்தார்கள். நான் சாத்தான்குளத்துக்காரன். கணுக்கால் நனைகிற அளவுக்கு மழை பெய்தால் நாலு நாள் அதையே பேசிக்கொண்டிருக்கிற பூமி. நீச்சல் தெரியாது. கிழக்குக் கோட்டின் பக்கம் ஆட்டம் போனால் எனக்கு ஒரு கண் பந்தில், ஒரு கண் தண்ணீரில்.

அந்த மைதானத்துக்கென்று இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று, பந்து கடலுக்குள் போனாலும் கடிகாரம் நிற்காது. இரண்டு, ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் எந்த ஆட்டமானாலும் அந்த நொடியே முடிந்தது. அதற்கு மேல் நவநாள் ஜெபம். ஆகவே முதலில் ஒரு கோல் போட்டுவிட்ட டீமுக்குக் கடலைப் போல உதவி வேறு கிடையாது. பந்தை ஓங்கி உதைத்து உள்ளே தள்ளிவிட்டால் அது மிதந்து திரும்பி வருவதற்குள் பாதி ஆயுசு போய்விடும்.

அதைத் தடுக்கத்தான் அவர் தண்ணீரில் நின்றார். சங்கு குளிக்கிறவர், மூச்சடக்கி முங்குவதே தொழில். காலையில் கடலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நான்கரை மணி ஆட்டத்துக்கு மறுபடி கடலில் இறங்கிவிடுவார். தலையில் ஒரு சிவப்புத் துண்டு. பந்து வந்து விழுவதற்கு முன்பே நீந்தத் தொடங்கி, எடுத்து, தலைக்கு மேல் தூக்கி எறிவார். எந்த டீம் பந்து என்ற பேதமே கிடையாது. அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் நிற்கிற தண்ணீரில் வேறு யாரும் இறங்கவும் மாட்டார்கள்.

முதல் வருடம் ஒருவன் கிழக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கூட்டம் கத்தியது. தண்ணீருக்குள் இருந்தவர் மட்டும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். விழுந்தவன் எழுந்து ஓடியதும் புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டு, “ஒண்ணரை” என்றார்.

“என்ன அண்ணாச்சி ஒண்ணரை?”

“ஒண்ணரை மூச்சு சார். படுத்துக் கெடந்தாம்லா?”

பிறகு எனக்கு விளக்கினார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, நான் கோட்டோரம் ஓடும்போதெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக. “நெசமா அடிபட்டவன் வெக்கத்துல ஒரு மூச்சுக்குள்ள எந்திரிச்சிருவான் சார். இல்லன்னா எந்திரிக்கவே மாட்டான், தூக்கிட்டுதான் போணும். ரெண்டுக்கும் நடுவுல எந்திரிக்கான் பாத்தீங்களா, அவன் நடிகன்.”

அடுத்தவன் விழுந்தபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கன்னம் உப்பியதிலிருந்து புஸ் வரை ஒரு நிமிடம் பத்து வினாடி. பிற்பாடு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே ஒரு நிமிடம் பத்து வினாடி. என் கடிகாரம்தான் அவ்வப்போது இரண்டு வினாடி முன்னேபின்னே போனது.

இந்த அளவுகோலை அவர் மைதானத்தோடு விடவில்லை. பங்குச் சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் சராசரி ஒன்பது மூச்சு, தவக்காலத்தில் பதினாலு. சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே அழுகிறவர்களில் யார் நிஜம் யார் ஒப்புக்கு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். நிஜமாக அழுகிறவர்களுக்கு நடுவில் மூச்சு முட்டும், மற்றவர்கள் அளவாக மூச்சு வாங்கிக்கொண்டு ராகமாக அழுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. இதனால் பல வீட்டில் அவருக்குக் காப்பி கிடைக்காது.

அவர் மனைவி ஒருமுறை என்னிடம் முறையிட்டார். “சார், நீங்களாவது சொல்லுங்க. வீட்டுல நா ஏதாவது ஏசுனா பதிலுக்கு ஏசணும்லா? இவரு மூச்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருவாரு. நா முடிச்ச பொறவு, ‘இன்னைக்கி ரெண்டேகாலு, நேத்தைக்கி விட கொறவு’ங்காரு. இப்படி ஒரு ஆம்பளையோட எப்படி சண்ட போட?”

“நடிக்காம ஏசுதா சார்” என்றார் அவர், பெருமையாக.

இப்படிப்பட்டவருக்கு விரோதியாக வாய்த்த டீம்தான் அவர் ‘படுத்தான் டீம்’ என்று பெயர் வைத்த டீம். பக்கத்துக் கரையிலிருந்து வருவார்கள். பழகுவதற்கு அப்படித் தங்கமான மனிதர்கள். ஆட்டம் தொடங்குமுன் என்னிடம் வந்து கைகொடுத்து, “சார் ரொம்ப நல்லா நடத்துவீங்கன்னு கேள்விப்பட்டோம்” என்பார்கள். தொடங்கிய பிறகு பார்க்கவேண்டும். அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே எதிராளியின் கால் விரலைக் குதிகாலால் மிதிப்பார். முகத்தில் ஜெபம் சொல்வது போன்ற சாந்தம். ஒரு கோல் போட்டுவிட்டால் போதும், பதினொரு பேருக்கும் வரிசையாக நோய் வரும். தொடைப் பிடிப்பு, வயிற்று வலி, தலைச்சுற்றல். விழுந்தவனுக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவன் வழியில் விழுவான்.

உச்சகட்டம் அவர்களுடைய கோல் கீப்பர். ஒருமுறை பந்தை வைத்துவிட்டு உதைக்கப் போனவர், ஏதோ நினைவு வந்தது போல நிறுத்தி, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். பொறுமையாக, ஒவ்வொரு கண்ணாக. நானும் மரியாதைக்குக் காத்திருந்தேன்.

“சார்! சார்!” என்று கடலுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அவன் கால்ல சப்பாத்தே இல்ல சார்! வெறுங்காலுக்குக் கயிறு கட்டுதான்!”

பார்த்தேன். உண்மைதான். வெறுங்கால். அந்த மனிதர் வெட்கமே படாமல் என்னைப் பார்த்துச் சிரித்து, “பழக்கதோசம் சார்” என்றார். நானும் சிரித்தேன். அந்த ஆட்டத்திலும் அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

மறு ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு அண்ணாச்சி டவுன் பஸ் பிடித்து மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டை போட்டு, தலை உலர்ந்து, முழு உயரத்தோடு அவரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது.

“சார், படுத்துக் கெடந்த நேரத்தக் கடைசில கூட்டிக் குடுக்கலாம்னு ரூல் புக்குல இருக்கா, இல்லியா?”

“இருக்கு அண்ணாச்சி.”

“பொறவு ஏன் குடுக்க மாட்டேங்கிய?”

“ஆறு மணிக்குக் கோயில் மணி அடிச்சிருவாங்களே.”

“ஆட்டம் அஞ்சு அம்பதுக்கு முடியுது. நடுவுல பத்து நிமிசம் சும்மா கெடக்கு. அத வச்சு நீங்க என்ன செய்யுதிய?”

காப்பி குடித்தேன் என்பதுதான் உண்மை. கமிட்டிக்காரர்கள் காப்பியும் உளுந்த வடையும் தருவார்கள். நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“யாருக்கு சார் பயப்படுதிய?” என்று மெதுவாகக் கேட்டார்.

சமையல்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி, “எல்லாருக்கும்தான்” என்றாள்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். நேரத்தைக் கூட்டினால் அதில் ஒரு கோல் விழும். விழுந்தால் ஒரு கரை முழுக்க என்னைச் சுற்றி வளைக்கும். கடிகாரப்படி ஊதிவிட்டுப் போனால் யாரும் என்னைக் கேட்க முடியாது. இதற்கு நான் வைத்திருந்த பெயர் நேர்மை. அவர் காப்பியைக் குடித்துவிட்டு, “நீங்க நல்லவரு சார், அதான் கேட்டேன்” என்று சொல்லிப் போனார்.

அவர் வன்மம் பிடித்தவர் என்று யாராவது நினைத்தால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடுத்த வருடம் லீக் ஆட்டத்தில் படுத்தான் டீமின் ஒருவன் கோட்டோரம் விழுந்தான். கூட்டம் சிரித்தது. “ஏலே, தலகாணி கொண்டாங்கலே!” என்று ஒருவன் கத்தினான். நானும் கையை வீசி ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். இவர் கன்னத்தை உப்பினார். புஸ். மறுபடி உப்பினார். பாதியில் திடீரென்று காற்றை விட்டுவிட்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடி வந்தார்.

“சார், நிறுத்துங்க! இவன் நெசம்!”

கால் எலும்பு முறிந்திருந்தது. ஈர வேட்டியோடு அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். மாவுக்கட்டு பிரிக்கும்வரை வாரம் ஒருமுறை மீன் குழம்போடு போய்ப் பார்த்தார் என்று அவர் மனைவி சொன்னார். ஆஸ்பத்திரியில் அவனிடம், “இனிமே நீ படுக்காத. ஒரு தடவ நெசமா படுத்தாச்சு, போதும்” என்றாராம்.

கடைசியாக, மறுபடியும் படுத்தான் டீமோடு அந்த ஃபைனல். அவருடைய பங்குக்குக் கப்பு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அதில் நாலு ஃபைனல் படுத்தான் டீமிடமே போனது. கோயில் ஆபீஸ் அலமாரியில் கப்புக்கு ஒதுக்கிய இடத்தில் மெழுகுவர்த்திப் பெட்டியை வைத்துவிட்டார்கள். அந்த வருடம் கேப்டன் அவர் தங்கை மகன். “இந்தத் தடவ நேரா விளையாடி அவனுவள ஜெயிக்கணும் சார். அதப் பாத்துட்டா எனக்குப் போதும்” என்று ஆட்டத்துக்கு முன்பு சொன்னார். துண்டை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

அன்று வாழ்த்துரைகள் நீண்டு ஆட்டம் நாலு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. ஐந்து ஐம்பத்து நாலுக்கு முடிய வேண்டும். இரண்டாவது பாதியில் தங்கை மகன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். நல்ல கோல். கடலுக்குள் அவர் மூழ்கி எழுந்து மூழ்கி எழுந்து ஆனந்தப்பட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. இவருடைய பங்குப் பையன்கள் படுக்கத் தொடங்கினார்கள். நாலு ஃபைனலில் எதிரியிடம் பார்த்த பாடத்தை ஒன்றுவிடாமல் படித்து வைத்திருந்தார்கள். முதலில் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவர் பக்கம் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. சொந்தப் பையனுக்கும் அதே மூச்சு. “ஒண்ணேகாலு! ஏலே, எந்திரிலே, மானத்த வாங்காத!” என்று கத்தினார். கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்து முறைத்தது.

ஐந்து ஐம்பதுக்குத் தங்கை மகன் பந்தை வாங்கி, எதிரே யாரும் இல்லாதபோதே, திரும்பி நின்று கடலைப் பார்த்து ஓங்கி உதைத்தான். பந்து முதல் வள்ளத்தைத் தாண்டி விழுந்தது.

“மாமா, மெதுவா போங்க!” என்றான்.

“மெதுவா! மெதுவா!” என்று கரை முழுக்கக் கத்தியது.

அவர் ஒரு கணம் நின்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பிறகு முங்கினார். வள்ளத்துக்குப் பக்கத்தில் பந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கை வந்து அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. பந்தும் இல்லை, ஆளும் இல்லை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நிமிடம் பத்து வினாடி ஆனது. அவர் வரவில்லை. சிரிப்பு குறைந்தது. ஒன்றரை நிமிடம். ஒன்றே முக்கால். நான் கோட்டைத் தாண்டி, ஈர மணல் வரை போய்விட்டேன். நீச்சல் தெரியாத என் கால் அதற்கு மேல் போகவில்லை. அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். “ஏலே, யாராவது குதிங்கலே! அவரக் காணலியே!” என்று கத்தினார். அதற்கு மேல் அழுகைதான். மூச்சு முட்டியது.

அப்போது வள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிவப்புத் துண்டு தெரிந்தது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நடந்து வந்தார். பந்தை எறியவில்லை. நேரே என்னிடம் வந்து கையில் கொடுத்தார்.

“நடிச்சிட்டேன் சார்.”

“என்ன அண்ணாச்சி?”

“பந்த வள்ளத்துக்கு அடியில அமுக்கி வச்சிட்டு அங்கன மறைவுல தலைய நீட்டி மூச்சு வாங்கிக்கிட்டு நின்னேன். அவ சத்தம் கேட்டுது. நெசமா அழுதா சார். அதுக்கு மேல முடியல.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ரெண்டு மூச்சு நான் தின்னது. பயலுவ படுத்தது தனி. எல்லாத்தயும் கூட்டுங்க” என்றார்.

“மாமா, வாய மூடுங்க!” என்று தங்கை மகன் பாய்ந்து வந்தான். அவர் மனைவி அவர் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார். கரை முழுக்க என்னைப் பார்த்தது. ஊதிவிட்டுப் போனால் ஊரே என்னைத் தூக்கி வைத்து ஆடும். வடை இரண்டு தட்டு வரும். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. இத்தனை வருடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அன்று மணலைப் பார்த்தது எனக்குத் தாங்கவில்லை.

“மூணு நிமிசம் கூட்டுறேன்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

வசவு மழை பெய்தது. காதுதான் வீட்டில் இருக்கிறதே. ஐந்து ஐம்பத்து நாலிலிருந்து மூன்று நிமிடம் ஓடத் தொடங்கியது. படுத்தான் டீமுக்குத் தங்கள் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. அத்தனை பேரும் முன்னால் ஏறி வந்தார்கள். ஐம்பத்தாறுக்கு அவர்களில் ஒருவன் தனியாகப் பந்தோடு கோலுக்கு எதிரே வந்துவிட்டான். உதைத்தால் கோல். யாரும் அவனைத் தொடவில்லை. அவன் விழுந்தான்.

பழக்கதோஷம். வேறு காரணமே இல்லை. விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நான் ஃபவுல் இல்லை என்று கையை ஆட்டினேன். அவன் பார்க்கவில்லை. பந்தை ஆட வேண்டிய அவன் கூட்டாளிகளோ, பழகிய பழக்கத்தில், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினார்கள். வருகிற வழியில் ஒருவன் விழுந்தான். பந்து தனியாக உருண்டு வெளியே போனது. ஐம்பத்தேழு தாண்டியது. கிடக்கிறவன் எழட்டும் என்று ஊதாமல் நின்றேன்; அவன் எழுந்தபோது ஐம்பத்தெட்டே கால். விசிலை வாயில் வைத்தேன்.

“சார், ஊதாதீங்க!”

தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் என் முன்னால் நின்றார்.

“அவன் கெடந்தது ஒண்ணே முக்கா மூச்சு. அதையும் கூட்டணும்லா?”

கூட்டவேண்டியதுதான். நியாயம் அதுதான். ஆனால் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, “கூட்டினா ஒங்க டீம் தோத்தாலும் தோத்துரும் அண்ணாச்சி. கூட்டட்டுமா? நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னதுதான்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கப்பைப் பார்த்தார். முட்டியில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தங்கை மகனைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது வினாடி. ஒரு நிமிடம். ஒரு நிமிடம் பத்து வினாடி. புஸ் வரவில்லை. கன்னம் அப்படியே இருந்தது. மூக்கு மட்டும் மெல்ல, யாருக்கும் தெரியாமல், ஒரு தடவை விரிந்து சுருங்கியது. ஓர் அடி தூரத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோயில் மணி அடித்தது.

ஊர் முழுக்க மைதானத்துக்குள் பாய்ந்தது. அவர் காற்றை விட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, “சே, சொல்ல வாயத் தொறந்தேன் சார். அதுக்குள்ள மணி அடிச்சிட்டான்” என்றார்.

“எத்தன மூச்சு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஒண்ணு சார்” என்றார் அவர். “ஒண்ணே ஒண்ணு.”